கரம் போர்டில் ஒரு பாலைவனம்

செத்துப்போன ஒரு சுவிஸ் பொறியியலாளரைக் கரம் போர்டில் தூவி, அவர் மேல் காய் அடித்து விளையாடியிருக்கிறோம் என்று நான் ஒரு காலத்தில் நம்பினேன். சும்மா நம்பவில்லை. சோறு இறங்காமல், கக்கூசுக்குப் போகவும் துணைக்கு ஆள் தேடி நம்பினேன். இப்போது எனக்கு வயிறும் வழுக்கையும் வந்துவிட்டன. பகிடிக்காரன் என்று பெயரும் எடுத்தாகிவிட்டது. கலியாண வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள், சொல்லுவேன், சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அங்கே நான் சொல்லாமல் விடுகிற ஒரு துண்டு இருக்கிறது. அதையும் சேர்த்து எழுதினால்தான் கதை முடியும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. சுவிசில் பாடன் என்கிற சின்ன நகரத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்னால், பூட்டிக் கிடந்த ஒரு தச்சுப் பட்டறைக்கு மேலே எங்களுக்கு வீடு தந்திருந்தார்கள். நாங்கள் நாலு பேர். நான், என் மச்சான், வைத்தியசாலைச் சலவைப் பகுதியில் வேலை செய்த ஒரு மட்டக்களப்புப் பொடியன். சமையல் அவன் பொறுப்பு. நாலாவது ஆள் அண்ணை. எங்களில் மூத்தவர். ஓல்டனுக்கு ரயிலில் போய், சரக்கு மேடையில் பெட்டி ஏற்றி இறக்கிவிட்டு வருவார்.

அண்ணையின் தகப்பன் ஆனையிறவு உப்பளத்தில் உப்பு வாரினவர். ஊரில் சண்டைக்குள் அகப்பட்டுச் செத்துப்போனார். உடம்பு கிடைக்கவில்லை. அந்தச் செய்தியும் பல மாதம் கழித்து, யாரோ ஒரு ஆளின் வாய்வழியாகத்தான் இங்கே வந்து சேர்ந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால் வீட்டுக்குத் துடக்கு, தீட்டு. எரித்து, பால் தெளித்துக் காடாற்றி, சாம்பல் அள்ளி, அந்தியேட்டி செய்து, கீரிமலைக் கடலில் கரைத்தால்தான் துடக்குக் கழியும். அண்ணைக்கு அது கழியவில்லை.

"சாம்பல் இல்லை, கடல் இல்லை, ஐயர் இல்லை. பேந்து என்னெண்டு கழியும்?" என்பார்.

"அண்ணை, நாள் கணக்குப்படி அது எப்பவோ முடிஞ்சுது" என்று மச்சான் ஒருமுறை சொல்லிப் பார்த்தான்.

"நாளுக்கோடா துடக்கு? ஆளுக்கடா."

அதனால் அவர் சவரம் எடுப்பதில்லை. மீன் இறைச்சி தொடுவதில்லை. குசினியில் சாமிப்படம் வைத்த மூலைக்கு வருவதில்லை. எங்களோடு எந்த விளையாட்டுக்கும் குந்துவதில்லை. ஓல்டனில் அவருடைய தாடியைப் பார்த்துவிட்டு, டிசம்பரில் பிள்ளைகளுக்கு நிலக்கடலை கொண்டு வருகிற சமிக்லவுஸ் கிழவரின் பெயரையே அவருக்கு வைத்துவிட்டார்கள். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார்.

எனக்குத் துப்புரவு வேலை. லிம்மட் ஆற்றுக்கு மேலே, திராட்சைத் தோட்டச் சரிவில் ஒரு பழைய வீடு. அதில் ஒரு கிழவி தனியே. நான் அவருடைய பெயரை விழுங்கிவிட்டு 'ஃப்ராவ்', அதாவது திருமதி, என்று மட்டும் கூப்பிடுவேன். அவர் என் பெயரில் முக்கால்வாசியை விழுங்கியிருந்தார். கணக்குச் சரி. எனக்காக ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பள்ளிக்கூட ஜெர்மனில் கதைப்பார். ஆனால் என் ஞாபகத்தில் அவர் சாவகச்சேரி மாமி மாதிரித்தான் கதைக்கிறார். அப்படியே எழுதுகிறேன். இப்போது அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். வந்து மறுக்கப் போவதில்லை. வந்தால் அது வேறு பிரச்சினை.

அந்த வீட்டில் நிலவறையிலிருந்து மேல்மாடிவரை ஏறுகிற படிக்கட்டுச் சுவர் முழுக்கப் படங்கள். அவற்றைத் துடைப்பதும் என் வேலை. கீழிருந்து மேலே துடைத்துக்கொண்டு போனால் ஒரு ஊர் பிறந்து, வளர்ந்து, செத்துப்போவதைப் பார்க்கலாம்.

கீழே முதற்படம் வெறும் வெள்ளை. ஊத்தை படிந்து அப்படி இருக்கிறதாக்கும் என்று மருந்து அடித்து ஊன்றித் தேய்த்தேன்.

"அது ஊத்தை இல்லைத் தம்பி. அதுதான் இடம்" என்றார் கிழவி.

தென்னமெரிக்காவில், மலைக்கு மேலே ஒரு பாலைவனம். அதன் நடுவில் வற்றிப்போன ஒரு ஏரி. ஏரிமுழுக்க வெள்ளைப் பொருக்கு. அந்தப் பொருக்குக்குள் போராக்ஸ் என்கிற உப்பு. கண்ணாடி வார்க்க, பீங்கானுக்கு மினுக்கம் பூச, நோவெடுத்த கண்ணைக் கழுவ என்று உலகமெல்லாம் அதைக் கேட்டதாம். கிழவியின் புருசன் அங்கேதான் வாழ்நாளைக் கழித்த பொறியியலாளர்.

அடுத்த படத்தில் கோவேறு கழுதை வண்டிகள். முகத்தைத் துணியால் சுற்றிய ஆட்கள் இரும்புக் கம்பியால் பொருக்கைக் குத்திப் பெயர்த்து, பனங்கிழங்கைக் கிழித்து ஒடியலுக்குக் காயப்போடுகிற மாதிரி வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார்கள். துணிக்கு வெளியே கண்கள் மட்டும். எந்தப் படியில் நின்றாலும் அந்தக் கண்கள் என் கையிலிருந்த துடைப்பத் துணியையே பார்க்கும்.

அதற்கு மேலே புகைபோக்கி. பொருக்கைச் சூளையில் வாட்ட வேண்டும். பாலைவனத்தில் விறகுக்கு எங்கே போவது? மலைப்பாறைகளில் பச்சை மெத்தை மாதிரி ஒரு செடி ஒட்டி வளருமாம். ஒரு மனிதன் பிறந்து சாவதற்குள் ஒரு விரற்கடைதான் வளரும். அதைப் பெயர்த்து எரித்தார்கள். அந்தப் படத்தில் புகைபோக்கிக்குப் பின்னால் மலை பச்சைத் திட்டுகளோடு நின்றது. அடுத்த படத்திலும் அதே மலை. மொட்டை.

பிறகு அமிலக் கொட்டகை. பொருக்கை அமிலத்தோடு காய்ச்சி ஆறவிட்டால் மீன் செதில் மாதிரிப் பளிங்கு மிதக்கும். அதைக் கோலி உலர்த்தி அரைத்தால் மாவாக வெள்ளைத் தூள். தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றவர்களின் சட்டைகளில் அமிலம் தின்ற ஓட்டைகள். நடுவில் மீசையோடு நிற்பவர்தான் புருசன். அவர் சட்டையிலும் ஓட்டை.

பிறகு நல்ல காலம். வீடுகள், பள்ளிக்கூடம், வெதுப்பகம், பித்தளைக் குழல்களோடு ஒரு பாண்ட் வாத்தியக் கோஷ்டி.

"ஞாயிற்றுக்கிழமையில வாசிப்பினம்" என்றார் கிழவி. "சத்தம் ஏரிக்கு மேலாலை போய்த் திரும்பி வரும். அவை முடிச்சு வைச்சாப் பிறகும் எங்களுக்குக் கேக்கும்."

அதற்கு மேலே சுடலை. பூ பூக்காத இடம் என்றபடியால் சிலுவைகளில் தகரத்தை வெட்டிச் செய்த பூக்கள். காற்றுக்கு அவை கிணுகிணுக்குமாம். அந்தப் படத்தை மட்டும் கிழவி என்னைத் துடைக்க விடமாட்டார். "அதிலை சின்னன் ஒண்டு எங்கடை பிள்ளை" என்று ஒருநாள் சொன்னார்.

கடைசிப் படத்தில் கூரையில்லாத வீடுகள். உலகத்தின் வேறொரு மூலையில் அதே உப்பை இயந்திரத்தால் மலிவாகத் தோண்டத் தொடங்கிவிட்டார்கள். இங்கே சூளையை அணைத்தார்கள். போன சனம் கதவு, யன்னல், கூரைத் தகரம் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போனது. கொண்டுபோக முடியாதது புகைபோக்கியும் சுடலையும்.

அதற்கும் மேலே, கடைசிப் படியில், ஒரு வெறும் ஆணி.

"இதின்ரை படம் எங்கை?"

"எடுக்கிறதுக்கு அங்கை ஆள் இல்லை" என்றார்.

அதற்குப் பிறகு அந்த ஆணியையும் துடைத்துவிட்டுத்தான் இறங்குவேன். துடைக்காவிட்டால் யாரோ குறை நினைப்பார்கள் போல இருக்கும்.

பின்னேரங்களில் வந்து இவற்றை வீட்டில் அவிழ்த்துவிடுவேன். மச்சானும் பொடியனும் கொட்டாவி விடுவார்கள். அண்ணை மட்டும் தாடியைத் தடவிக்கொண்டு கேள்வி கேட்பார்.

"காலுக்கு என்ன போட்டவை?"

"தெரியேல்லை அண்ணை."

"கேட்டுக்கொண்டு வா."

அடுத்த முறை கேட்டேன். சாக்குச் சுற்றிக்கொண்டு வேலை செய்தார்களாம். அண்ணை தலையாட்டினார். "உப்பளத்திலை என்ரை அப்புவும் சாக்குத்தான்" என்றார். பிறகு வெகுநேரம் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். யன்னலில் பார்க்க ஒன்றும் இல்லை. நவம்பர் மாதம் பாடனில் மூடுபனி இறங்கினால் எதிர்வீடும் இல்லை, தெருவும் இல்லை. கிழவியின் முதற்படம் மாதிரி வெறும் வெள்ளை.

கரம் போர்டு லண்டனில் இருந்த மச்சானின் மாமா அனுப்பியது. காய்கள் வந்தன, ஸ்ட்ரைக்கர் வந்தது, தூள் வரவில்லை. மாமாவில் பிழை சொல்ல முடியாது. அந்த நாளில் சுவிஸ் பேப்பரில் தமிழன் என்றால் தோல் ஜாக்கெட் போட்டுப் போதைத் தூள் விற்கிறவன். சுவிசில் இருக்கிற தமிழனுக்கு வெள்ளைத் தூள் பார்சல் அனுப்ப எவனுக்குத் துணிவு வரும்? நாங்கள் முதலில் கோதுமை மாவு போட்டோம். போர்டு தோசைக்கல் ஆனது. முகப் பவுடர் போட்டோம். வீடு முழுக்கக் கலியாணப் பொம்பிளை வாசம் வந்ததே தவிரக் காய் நகரவில்லை.

அப்போதுதான் கிழவி வீட்டைக் காலி பண்ணத் தொடங்கினார். இடுப்பு ஏலாமல் முதியோர் இல்லத்துக்குப் போக முடிவெடுத்திருந்தார். "நிலவறைத் தட்டிலை இருக்கிறதிலை விருப்பமானதை எடும் தம்பி. மிச்சம் குப்பைக்கு" என்றார். தட்டில் பழைய ஜாம் போத்தல்களுக்கு நடுவே ஒரு தகரம். அந்தத் தொழிற்சாலைப் புகைபோக்கியின் படம் அச்சடித்த தகரம். திறந்தேன். வெள்ளை வெளேரென்று, பட்டுப் போல வழுக்கிக்கொண்டு தூள். ஊரில் கரம் போர்டுக்கு நாங்கள் மருந்துக்கடையில் வாங்குகிற போரிக் பவுடரின் வழுக்கலை என் விரல் மறக்குமோ? எடுத்துக்கொண்டேன்.

தொண்டு நிறுவனம் தந்த தோல் ஜாக்கெட் என்னிடம் இருந்தது. அதற்குள் வெள்ளைத் தூள் தகரத்தை அணைத்துக்கொண்டு பஸ்சில் ஏறினேன். ஏறிய பிறகுதான் என்ன கோலத்தில் இருக்கிறேன் என்று உறைத்தது. அடுத்த தரிப்பில் ஒரு பொலிஸ்காரர் ஏறி எனக்குப் பக்கத்தில் குந்தினார். தெரிந்த தேவாரம் எல்லாவற்றையும் வாய்க்குள் பாடினேன், தெரியாததையும் பாடினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கிப்போனார்.

அன்றிலிருந்து எங்கள் போர்டில் காய் பறந்தது. போர்டுக்கு நாலு பக்கம்; ஆட்கள் நாங்கள் மூன்று பேர். நாலாவது பக்கம் காலி. அண்ணை குந்தமாட்டார். தரை அந்தப் பக்கம் கொஞ்சம் பதிவு, சரிவு. யார் அடித்தாலும் கடைசியில் ஒரு காய் ஊர்ந்து ஊர்ந்து அந்தக் காலிப் பக்கத்துக்குப் போய் நிற்கும். "அண்ணை, உங்கடை காய்" என்று பகிடி பண்ணுவோம்.

இரண்டு மூன்று கிழமை கழித்து ஒரு வியாழக்கிழமை. நான் ஆணியைத் துடைத்துவிட்டு இறங்கி வர, கிழவி படிக்கட்டின் அடியில் நின்றார்.

"சனிக்கிழமை வருவீரோ தம்பி? என்ரை மனிசனை மண்ணிலை வைக்கிறம்."

அவர் செத்து இரண்டு வருடமாயிற்றே என்று யோசித்தேன். கிழவி விளக்கினார். எரித்த சாம்பலை இங்கே வீட்டுக்குக் கொண்டுபோகலாம், சட்டம் ஒன்றும் சொல்லாது. பிள்ளைக்குப் பக்கத்தில், அந்தப் பாலைவனத்தில் தன்னைப் போடச் சொல்லித்தான் புருசன் கேட்டிருந்தார். அவ்வளவு தூரம் போகக் கிழவியின் இடுப்பு விடவில்லை. முதியோர் இல்லத்துக்கும் கொண்டுபோக மனம் வரவில்லை. அதனால் இந்த ஊர்ச் சுடலைதான் என்று முடிவாகிவிட்டது.

"இவ்வளவு காலமும் எங்கை இருந்தவர்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நிலவறையிலைதான் வைச்சனான். தொழிற்சாலைத் தகரத்துக்குள்ளை. அவர் கேட்டது அப்பிடி."

எனக்குக் காதுக்குள் அந்தத் தகரப் பூக்கள் எல்லாம் ஒன்றாகக் கிணுகிணுத்தன.

எங்கள் ஊரில் சாம்பலை வீட்டுக்குள் கொண்டு வருவதே இல்லை. நான் கொண்டு வந்தது மட்டுமல்ல, அதைத் தூவி, ஊதி, விரலால் தடவி, அந்த விரலோடு சோறும் தின்றிருக்கிறேன். வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. மூடுபனிக்குள் எனக்குப் பின்னால் சாக்குச் சுற்றிய கால்கள் நடக்கிற மாதிரி ஒரு சரசரப்பு. திரும்பிப் பார்த்தால் வெள்ளை. முன்னால் பார்த்தாலும் வெள்ளை. பொலிஸ்காரர் வந்து பிடித்துக்கொண்டு போனால் நல்லது என்று ஆசைப்பட்ட ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன்.

வீட்டில் மச்சானும் பொடியனும் போர்டுக்கு முன்னால் குந்தியிருந்தார்கள். பொடியன் தூள் தூவிக்கொண்டிருந்தான்.

"கையை எடு! அது மனிசன்!" என்று கத்தினேன்.

விசயத்தைச் சொன்னதும் பொடியன் கையைச் சுவரில் துடைத்தான். பிறகு சுவரைப் பார்த்துப் பயந்து விலகினான். "கொண்டு வந்ததுக்குப் பொலிசு, விளையாடினதுக்குப் பேய். மறுகா என்னகா செய்யிற?"

மச்சான் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

"கால் வியர்க்குதெண்டு கொஞ்சம் சப்பாத்துக்குள்ளை போட்டனான்."

"ஒரு பொறியியலாளரைச் சப்பாத்துக்குள்ளை போட்டியோடா?"

அப்போது ஒரு காய், யாரும் தொடாமலே, ஊர்ந்தது. காலிப் பக்கத்துக்குப் போய் நின்றது. தரை பதிவு என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். கிழமைக்கணக்காக அதை வைத்துப் பகிடி பண்ணினவர்கள்தான். ஆனாலும் அன்றைக்கு அந்த நாலாவது பக்கத்தில் அமிலம் தின்ற சட்டையோடு, மீசையோடு ஒருவர் குந்தியிருந்து தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருப்பதை நான் கண்டேன். சத்தியமாகக் கண்டேன். மச்சானும் கண்டான், இப்போது கேட்டால் இல்லை என்பான்.

அண்ணை ஓல்டனிலிருந்து வந்தபோது நாங்கள் மூவரும் பட்டறைப் படியில் குளிரில் குந்தியிருந்தோம். உள்ளே போக எவனும் தயாரில்லை. கேட்டுவிட்டு அண்ணை சிரிக்கவில்லை.

"அந்த மனுசிக்குச் சனிக்கிழமை அவரைக் குடுக்கவேணும்" என்றார். "அள்ளித்தான் ஆகவேணும்."

"ஆர் அண்ணை அள்ளுறது? தொட்டால் துடக்கு."

"எனக்கு ஏற்கெனவே துடக்குத்தானே" என்றார் அண்ணை. "என்னிலை புதுசா ஒட்ட என்ன இருக்கு?"

பொடியன் கெட்டிக்காரத்தனமாக, "குறையுறதுக்குக் கொஞ்சம் மாவு கலப்பமா?" என்று கேட்டான். அண்ணை அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் மூன்றாம் படிக்கு இறங்கிவிட்டான். "செத்த ஆளிலை கலப்படமோடா?"

வெள்ளிக்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. விடிய எழும்பிக் குளித்தார். ஈர வேட்டியோடு வந்து, தெற்குப் பக்கம் பார்த்துக் குந்தினார். போர்டுக்குக் கீழே பேப்பர் விரித்தார். ஒரு சின்னக் கோப்பையில் பால் வைத்தார். நாங்கள் கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். எந்தப் பக்கத்திலிருந்து அள்ளுவது என்று அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். போர்டுக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. கடைசியில் அந்தக் காலிப் பக்கத்திலிருந்து தொடங்கினார்.

வெறுங்கையால்தான் அள்ளினார். உள்ளங்கை ஓரத்தால் மெல்ல, நித்திரையில் இருக்கிற பிள்ளையின் நெற்றியைத் தடவுகிற மாதிரி ஒதுக்கி ஒதுக்கிக் கூட்டினார். காய் ஒவ்வொன்றையும் துடைத்தார். பொக்கற் வலைகளை உதறினார். மச்சானின் சப்பாத்துகளை வாங்கி, உள்ளே கைவிட்டு வழித்தார். அந்தக் கட்டத்தில் கூட எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. யன்னலுக்கு வெளியே மூடுபனி. அவர் கை, தாடி, வேட்டி எல்லாம் வெள்ளை. வாய் மட்டும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. யாருடைய பெயரைச் சொல்கிறார் என்று நான் காது கொடுத்துக் கேட்கவில்லை. எனக்கு அப்போது என் பயமே பெரிது.

தகரம் பெரும்பாலும் நிரம்பிவிட்டது. தரைத் தூசியும் மரத்தூளும் கலந்துபோன ஒரு பிடி மிஞ்சியது.

"இதைத் திருப்பிக் குடுக்கேலாது" என்று அண்ணை அதைப் பேப்பரில் மடித்துத் தன் தலைமாட்டில் வைத்தார்.

சனிக்கிழமை காலை நான் தகரத்தோடு கிழவி வீட்டுக்குப் போனேன். கறுப்பு உடுப்போடு குசினியில் இருந்தார். மேசையில் தகரத்தை வைத்துவிட்டு, வழிமுழுக்க மனனம் பண்ணி வந்த ஜெர்மன் வசனங்களைக் கொட்டினேன். மன்னியுங்கோ, தெரியாது, விளையாட்டு, நண்பர்கள், சப்பாத்து, மன்னியுங்கோ. கிழவி மூடியைத் திறந்தார். உள்ளே மச்சானின் காலுறையிலிருந்து வந்த நீல நூல் ஒன்று மேலாகக் கிடந்தது. அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"எறும்பு மருந்தை ஏன் தம்பி திருப்பிக் கொண்டு வந்தனீர்?"

"எறும்பு?"

"தொழிற்சாலை மூடேக்கை கடைசியாக் காய்ச்சின தூள். நாங்கள் நிலவறையிலை எறும்புக்குப் போடுறனாங்கள்." பிறகுதான் அவருக்கு என் வசனங்கள் ஒவ்வொன்றாக உறைக்கத் தொடங்கின. என் முகத்தைப் பார்த்தார். தகரத்தைப் பார்த்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தார். "அவர் இவ்வளவு வெள்ளை இல்லைத் தம்பி."

தட்டைக் காலி பண்ணத் தொடங்கியதுமே புருசனைப் படிபடியாக வைத்து வைத்து மேலே கொண்டுபோய்க் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டாராம். என்னைக் கொண்டே எடுப்பித்தார். அதே புகைபோக்கி அச்சடித்த, அதே அளவுத் தகரம். "பாக்கப்போறீரோ?" என்றார். "வேண்டாம், வேண்டாம்" என்றேன்.

அவருடைய இடுப்புக்கு அதைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. ஆக, நான்தான் தூக்கினேன். இரண்டு நாளாக யாரைக் கண்டு ஓடினேனோ அவரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்சில் போனேன். நினைத்ததைவிடப் பாரம். எறும்பு மருந்துத் தகரத்தைக் கிழவி தன் கைப்பைக்குள் வைத்திருந்தார்.

சுடலையில் ஒரு தோட்டக்காரர் மட்டும் நின்றார். சின்னக் குழி. புருசனைத் தகரத்தோடு இறக்கினோம். கிழவி மற்றத் தகரத்தைத் திறந்து, எங்கள் போர்டுத் தூளைக் கையால் அள்ளிக் குழிக்குள் போட்டார். ஒரு கை, இன்னொரு கை, பிறகு தகரத்தையே கவிழ்த்தார். மண் வெள்ளையானது. மூடுபனியில் குழியின் ஓரம் எது, நிலம் எது என்று தெரியவில்லை.

"ஒருத்தி அங்கை, ஒருத்தர் இஞ்சை" என்றார். "தூளாவது அந்த இடத்துத் தூளா இருக்கட்டும்."

திரும்பி வருகிற வழிமுழுக்க எனக்கு வாய்க்குள் சிரிப்பு. எறும்பு மருந்து! அண்ணை ஈர வேட்டியோடு குந்தியிருந்து எறும்பு மருந்து அள்ளினதை எப்படிச் சொன்னால் மச்சான் விழுந்து விழுந்து சிரிப்பான் என்று வசனம் அடுக்கிக்கொண்டு படியேறினேன். கதவைத் திறந்தது யார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. மழமழவென்று சவரம் எடுத்த ஒரு முகம். நாடி மட்டும், வெயில் படாமல் இருந்த இடம், வெளிறிக் கிடந்தது.

"எங்கை போட்டு வாறாய்?" என்று கேட்டார் அண்ணை.

"செத்த வீட்டுக்கு."

"அப்ப ஏன் உள்ளுக்கு வாறாய்? குளிச்சுப்போட்டு வா. உடுப்பை வெளியிலை போடு."

பட்டறைக் குழாயில் உயிர் போகிற குளிரில் குளித்தேன். மச்சான் துவாய் கொண்டு வந்தான். "விடிய நீ போனாப் பிறகு, அந்தப் பேப்பர்ப் பொட்டலத்தோடை ஆத்து மரப்பாலத்துக்குக் கீழை இறங்கினவர்" என்று குசுகுசுத்தான். "அப்புவின்ரை பேரைச் சொல்லிக் கரைச்சவராம். வந்து சவரம் எடுத்தவர். சாமிப்படத்துக்கு விளக்குக் கொழுத்தினவர்."

உள்ளே போனேன். குசினியில் மீன்குழம்பு கொதிக்கிற மணம். அண்ணை கரம் போர்டின் நாலாவது பக்கத்தில் குந்தியிருந்து, தூள் இல்லாத போர்டில் ஸ்ட்ரைக்கரை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்குள் அடுக்கி வைத்த வசனம் ஒன்றும் எனக்கு வரவில்லை. வந்தது இவ்வளவுதான்:

"அண்ணை, அது எறும்பு மருந்து. மனுசிதான் சொன்னவ."

பொடியன் கரண்டியோடு வாசலில் நின்றுவிட்டான். அண்ணை ஸ்ட்ரைக்கரிலிருந்து விரலை எடுத்தார். வைத்தார்.

"மனுசிக்கு அவளின்ரை ஆள் கிடைச்சவரோ?"

"ஓம்."

"அப்ப சரி. இரு. காய் அடுக்கு."

லிம்மட்டில் அவர் கரைத்தது போரிக் பவுடரும் மரத்தூளும் சப்பாத்துத் தூசியும். சனிக்கிழமை விடிய, மரப்பாலத்துக்குக் கீழே, முழங்கால் தண்ணீரில் நின்று கரைத்தார். அன்று மத்தியானம் எங்களோடு குந்தியிருந்து மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டார்.